பாசாங்கா, போலியா, பிரமையா?

பொழுது விடிந்துவிட்டது. ஒரு சிறுவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுக்கையில் கிடக்கிறான். இமை லேசாகத் துடிக்கிறது, உதட்டோரம் சிரிப்பு முட்டிக்கொண்டு நிற்கிறது. எழுப்ப வந்த அம்மாவுக்கு அவன் தூங்கவில்லை என்று தெரியும். அவன் செய்துகொண்டிருப்பதற்கு என்ன பெயர்? 'பாசாங்கு' கச்சிதமாகப் பொருந்துகிறது. 'நடிப்பு' என்றாலும் சரிதான். 'வேஷம்' என்றால் கொஞ்சம் கனத்துவிடுகிறது. 'வஞ்சகம்' என்றால் பிள்ளைக்கு அநியாயம் செய்கிறோம். 'பிரமை' என்று சொல்லவே முடியாது.

ஒத்த சொற்களின் பட்டியல்களில் இவையெல்லாம் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் அடுக்கப்பட்டிருக்கும். பார்த்தால் எதை எடுத்துப் போட்டாலும் ஒன்றுதான் என்று தோன்றும். புதிதாக எழுதத் தொடங்குகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஒருவர்மீது குற்றம் சாட்டுபவை. அந்தக் குற்றம் எவ்வளவு பெரியது என்பது ஒவ்வொரு சொல்லிலும் மாறுகிறது. சொல்லைத் தவறாக எடுத்தால், நடையில் ஒரு பிசிறு என்பதோடு போகாது. யாரோ ஒருவர் செய்யாத குற்றத்தை அவர் தலையில் கட்டிவிடுவோம்.

சரியான சொல்லைப் பிடிக்க ஒரு கேள்வி போதும் என்பது என் எண்ணம்: பொய் எங்கே இருக்கிறது? பொருளிலா, ஆளிலா, பார்க்கிறவரின் கண்ணிலா?

பொருளில் இருக்கும் பொய்

'போல்' என்பதிலிருந்து வந்தது போலி. இன்னொன்றைப் போல இருப்பது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பிறப்பிலேயே பழி சுமந்த சொல் அல்ல அது. பள்ளியில் படித்த இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். அரசு 'அரைசு' ஆவதும், பந்தல் 'பந்தர்' ஆவதும், ஐந்து 'அஞ்சு' ஆவதும் போலிதான். ஓர் எழுத்து இருந்த இடத்தில் இன்னோர் எழுத்து வந்து உட்கார்ந்திருக்கிறது, பொருள் மாறவில்லை, யாரும் ஏமாறவில்லை. இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்த பிறகுதான் அந்தச் சொல் கெட்ட பெயர் வாங்குகிறது: போலி மருந்து, போலி மருத்துவர், போலிப் பத்திரம்.

போலிக்கும் நகலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு விண்ணப்பத்தை வைத்தே பார்த்துவிடலாம். வேலைக்கு எழுதிப் போடும்போது சான்றிதழின் நகலை இணைக்கச் சொல்வார்கள். போலிச் சான்றிதழை இணைத்தால் வழக்குப் போடுவார்கள். இரண்டுமே அசலைப் போலத்தான் இருக்கின்றன. நகல் தன்னை நகல் என்று ஒப்புக்கொள்கிறது; போலி தன்னையே அசல் என்கிறது. பழி அந்த உரிமைகோரலில்தான் இருக்கிறது, ஒப்புமையில் இல்லை. 'செயற்கை' என்ற சொல்லும் அப்படித்தான். செயற்கைப் பல்லையோ செயற்கைக் காலையோ யாரும் போலி என்று சொல்வதில்லை. சொன்னால் வைத்திருப்பவரின் மனம் நோகும்.

பொய் என்ற முன்னொட்டையும் இதே கணக்கில் சேர்க்கலாம். பொய்க்கால் குதிரையில் பொய் இருக்கிறது, ஏமாற்று இல்லை. ஆட்டத்தைப் பார்க்க நிற்கிற அத்தனை பேருக்கும் அது பொய்க்கால் என்று தெரியும். 'மழை பொய்த்துவிட்டது' என்று சொல்லும்போதும் யாரும் மழையைத் திட்டவில்லை, எதிர்பார்த்தது வரவில்லை என்கிறோம்.

'கள்ள' சேர்ந்தால் கதை வேறு. கள்ளநோட்டு, கள்ளக் கையெழுத்து, கள்ளச்சாவி. இங்கே பொருளின் தரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மாற்றுச்சாவியும் கள்ளச்சாவியும் ஒரே உலோகத்தில், ஒரே பல்வரிசையோடு, ஒரே பூட்டைத் திறக்கலாம். வீட்டுக்காரர் சொல்லிச் செய்தது மாற்றுச்சாவி. அவருக்குத் தெரியாமல் செய்தது கள்ளச்சாவி. பேச்சுவழக்கில் இரண்டையும் 'டூப்ளிகேட்' என்றே சொல்லிவிடுகிறோம். பேச்சில் குரலும் முகமும் துணைக்கு இருப்பதால் சமாளித்துவிடலாம். எழுத்தில் அந்தத் துணை கிடையாது, எனவே எழுதும்போது 'டூப்ளிகேட்' என்பதைத் தவிர்த்து, மாற்றா கள்ளமா என்று முடிவுசெய்து எழுதுவது நல்லது.

அண்மையில் அதிகமாகக் குழம்பிக் கிடக்கும் ஓர் இணை: பொய்ச்செய்தி, போலிச்செய்தி. இரண்டையும் ஒன்றாகவே பயன்படுத்துகிறார்கள். பிரித்தால் பயன் உண்டு. சொல்லப்பட்ட விஷயம் நடக்கவில்லை என்றால் பொய்ச்செய்தி. ஒரு நாளிதழின் பெயர்ச் சின்னத்தையும் எழுத்துருவையும் அப்படியே பார்த்துப் போட்டு, அந்த நாளிதழ் வெளியிட்டது போலவே பரப்பினால் அது போலிச்செய்தி. முதலாவதில் உள்ளே இருப்பது பொய், இரண்டாவதில் உருவமே பொய்.

ஆளில் இருக்கும் பொய்

தமிழ் தாராளமாகச் சொற்களை அள்ளிக் கொடுத்திருப்பது இந்த இடத்தில்தான்.

பாசாங்கு என்பது இல்லாத ஒரு நிலையை இருப்பதாகக் காட்டுவது. தூக்கம், வயிற்றுவலி, கோபம், அறியாமை இப்படி எதுவாகவும் இருக்கலாம். 'தெரியாதது போல் பாசாங்கு செய்தான்' என்று எழுதினால் வாசகர் லேசாக முகம் சுளிப்பார், அதற்கு மேல் போகமாட்டார். பாசாங்கு கொஞ்ச நேரத்து வேலை, ஒரு காரியம் முடிகிற வரைக்கும் நீடிப்பது. அதனால்தான் பாசாங்கைச் செய்கிறோம், அல்லது பண்ணுகிறோம். வஞ்சத்தைச் செய்வதோடு, வைத்திருக்கவும் முடிகிறது: 'பல வருஷமாக மனதில் வஞ்சம் வைத்திருந்தான்.' பாசாங்கை அப்படி வைத்திருக்க முடியாது. இரண்டுக்கும் பின்னால் எந்த வினைச்சொல் வருகிறது என்று கவனித்தாலே ஒன்று நடத்தை, மற்றது மனநிலை என்பது புரிந்துவிடும்.

நடிப்பு இருமுனைச் சொல். மேடையில் அது பாராட்டு, வீட்டுக்குள் அது வசை. 'என்னமா நடிக்கிறான்!' என்ற ஒரே வாக்கியம் அரங்கில் கைதட்டலோடும் கூடத்தில் கசப்போடும் வரும். அரங்கில் இருப்பவர்கள் நடிப்பைப் பார்ப்பதற்கென்றே வந்தவர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வேடம், வேஷம் என்ற இரண்டு எழுத்துவடிவங்களுக்கு நடுவிலும் இதே கோடு விழுந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 'அரசன் வேடம் தாங்கினார்' என்று நாடக விமர்சனத்தில் எழுதுவோம். சண்டையில் வருவது 'வேஷம் போடாதே' என்பதுதான். மூலம் ஒன்றே, உடையையும் கோலத்தையும் குறிக்கும் வடசொல். தமிழுக்கு வந்தபின் ஒன்று கலைக்கும் மற்றது கோபத்துக்கும் வாகாகிவிட்டது. முழுக்கப் பிரிந்துவிட்டன என்று சொல்லமாட்டேன், 'இரட்டை வேடம்' எழுத்துநடையில் வசையாகவே வருகிறது. ஆனாலும் காதில் விழும் வித்தியாசம் உண்மை.

பாவனையில் பழி குறைவு. குழந்தைகள் வெறும் சட்டியில் சோறு கிண்டுவதாக விளையாடுவது பாவனை. அங்கே ஏமாற்ற வேண்டிய ஆளே இல்லை. 'அக்கறை இருப்பதுபோல் பாவனை செய்தார்' என்று எழுதும்போதுதான் அது பாசாங்கின் பக்கம் சாய்கிறது. இலங்கைத் தமிழில் எழுதப்பட்டதைப் படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். அங்கே பாவனை என்றால் பயன்பாடு. 'மின்சாரப் பாவனை', 'பாவனையாளர்' என்பவற்றில் நடிப்பின் வாடையே கிடையாது.

பாவ்லா இதன் பேச்சுவழக்குத் தம்பி என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது தனி ஆள். இடப்பக்கம் பாய்வதுபோல் உடலைச் சாய்த்துவிட்டு வலப்பக்கம் ஓடும் கபடி வீரர் காட்டுவது பாவ்லா. அது கணநேரத்துச் சாமர்த்தியம். அதைக் கபடம் என்று எழுதினால் ஆட்டம் தெரியாதவர் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும்.

ஒருவர் தன்னை நல்லவராகக் காட்டிக்கொண்டு உள்ளே வேறாக இருப்பதுதான் வெளிவேடம். திருக்குறள் இதற்கென்றே 'கூடாவொழுக்கம்' என்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. அதில் இரண்டு குறள்களை இந்தச் சொற்களைப் பழகுகிறவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்பேன். 277ஆம் குறளில் குன்றிமணி வருகிறது: வெளியே செக்கச்செவேல், மூக்கில் மட்டும் கறுப்பு. இரண்டு நிறமும் ஒரே மணியில்தான் இருக்கின்றன. மணியைச் சற்றே திருப்பிப் பார்த்தால் போதும், கறுப்பு தெரிந்துவிடும். வெளிவேடக்காரரைப் பற்றி இதைவிடத் துல்லியமான படம் எனக்குத் தெரியாது.

273ஆம் குறளில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. இன்று நாம் சொல்வது 'பசுத்தோல் போர்த்திய புலி'. குறளில் வருவது நேர் எதிர்: புலித்தோல் போர்த்திக்கொண்டு மேயும் பசு. 'வலியில் நிலைமையான் வல்லுருவம் பெற்றம், புலியின்தோல் போர்த்துமேய்ந் தற்று' என்பது குறள். பெற்றம் என்றால் பசு. இரண்டும் பொய்த்தோற்றம்தான், ஆனால் ஒரே குற்றம் அல்ல. பசுத்தோலுக்குள் இருக்கும் புலி தன் கொடுமையை மறைக்கிறது. புலித்தோலுக்குள் இருக்கும் பசு தன் பலவீனத்தை மறைக்கிறது. மனதை அடக்கும் வலிமை இல்லாதவர் வலிய தவக்கோலம் பூண்டு, யாரும் கிட்டே வரமாட்டார்கள் என்ற துணிச்சலில் அடுத்தவர் பயிரை மேய்வது குறள் காட்டும் தப்பு. ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் எந்தத் தோலுக்குள் இருக்கும் எது என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். அஞ்சி ஒளிபவரைப் புலியாக்கிவிடக் கூடாது.

விவிலியத்தின் தமிழாக்கங்களிலும் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் 'மாயக்காரர்' என்று இருந்த சொல், பின்னர் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'வெளிவேடக்காரர்' ஆனது. மூலமான கிரேக்கச் சொல் முதலில் மேடை நடிகரைக் குறித்தது. அந்த வகையில் வேடம் மூலத்துக்கு நெருக்கமாக வருகிறது. மாயக்காரர் என்றால் இன்றைய காதுக்கு மந்திரவாதி நினைவு வந்துவிடும். பழைய சொல்லின் உறவான 'மாய்மாலம்' மட்டும் இன்றும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. அழுது, குழைந்து, நைச்சியமாகப் பேசிக் காரியம் சாதிக்கும் பாசாங்குதான் மாய்மாலம்.

அழுகை என்றதும் நீலிக்கண்ணீர். திருவாலங்காட்டுக்கு அருகே உள்ள பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை அது. முற்பிறவியில் தன்னைக் கொன்ற வணிகனைப் பழிவாங்க நீலி என்னும் பேய் அவன் மனைவியின் உருவில் வருகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊர் வேளாளர் எழுபது பேர் முன்னால் நின்று, கணவன் என்னைக் கைவிட்டுவிட்டான் என்று அழுகிறாள். வணிகன் பயந்து மறுக்கிறான். உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லி அவர்கள் அவனை அவளோடு அனுப்புகிறார்கள். இரவில் அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டால் முதலைக் கண்ணீருக்கும் இதற்கும் உள்ள இடைவெளி தெரியும். முதலைக் கண்ணீர் என்பது இல்லாத துக்கத்தைக் காட்டுவது. நீலிக்கண்ணீர் அதோடு நிற்பதில்லை, அது எதிரில் இருப்பவரின் இரக்கத்தைப் பிடித்திழுத்து ஒரு காரியத்தை வாங்கிக்கொள்கிறது. ஒப்புக்கு இரங்கல் தெரிவிப்பவரைப் பற்றி நீலிக்கண்ணீர் என்று எழுதுவது பொருந்தாது.

ஆழத்துக்குப் போகப் போகக் கபடம், சூது, வஞ்சகம், நயவஞ்சகம் என்று சொற்கள் இருட்டிக்கொண்டே போகின்றன. நயவஞ்சகத்தில் இருக்கும் 'நயம்'தான் கொடுமையைக் கூட்டுகிறது: இனிக்க இனிக்கப் பேசித் தீங்கு செய்வது. கெடுதல் செய்யும் நோக்கம் நிச்சயம் என்று தெரிந்தால் ஒழிய இந்த வரிசையில் கை வைக்காதீர்கள்.

அமைப்புகளும் குழுக்களும் செய்வதற்குத் தனிச்சொல் உண்டு, கண்துடைப்பு. விசாரணை நடக்கும், அறிக்கையும் வரும், உண்மை மட்டும் வராது. அங்கே தனி ஒருவரின் முகம் தெரியாததால் பாசாங்கு, வேஷம் எல்லாம் சரியாக ஒட்டாது.

பகட்டு பொய்யா?

பகட்டு, ஆடம்பரம், படாடோபம், டாம்பீகம், ஜம்பம், பந்தா இவற்றையும் பொய்த்தோற்றக் கணக்கில் சேர்த்துவிடுவது வழக்கம். எல்லாம் சேராது. உண்மையிலேயே வசதி உள்ளவர் செய்யும் ஆடம்பரத்தில் பொய் இல்லை, அளவுதான் இல்லை. பகட்டு பார்ப்பவர் கண்ணைக் குறிவைத்தது, ஆனால் அதற்குள்ளும் சரக்கு இருக்கலாம். உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெளியே மட்டும் பெரிதாகக் காட்டுவதைத்தான் பம்மாத்து என்கிறோம். இந்தக் கூட்டத்தில் முழுப்பொய் அது ஒன்றுதான்.

கண்ணில் இருக்கும் பொய்

மூன்றாவது வகையில் குற்றவாளியே கிடையாது. பொருள் தன்பாட்டில் இருக்கிறது, யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, பார்ப்பவருக்குத்தான் தப்பாகத் தெரிகிறது.

பழைய உரைகளில் ஓர் எடுத்துக்காட்டு திரும்பத் திரும்ப வரும். மங்கிய வெளிச்சத்தில் தூரத்தில் ஏதோ நிற்கிறது. மரக்கட்டையா, மனிதனா? அப்படி முடிவுசெய்ய முடியாமல் நிற்பது ஐயம். கட்டையை மனிதன் என்றே முடிவுகட்டிவிட்டால் அது திரிபு. கயிற்றைப் பாம்பென்று நினைத்துத் துள்ளுவதும் திரிபுதான். 'ஐயந்திரிபற' என்று நாம் அடிக்கடி எழுதும் தொடரில் இருப்பது இந்த இரண்டும்தான். சந்தேகமும் இல்லை, தப்பான முடிவும் இல்லை என்று பொருள்.

கானல்நீரைப் பிரமை என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அது சரியில்லை. சூடான தரைக்கு அருகே காற்றின் வெப்பம் அடுக்குக்கு அடுக்கு மாறுகிறது. வானத்திலிருந்து வரும் ஒளி அங்கே வளைந்து கண்ணுக்கு வருகிறது. வந்து சேரும் ஒளி உண்மையானது, புகைப்படத்தில்கூட விழும், பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். அதைத் தண்ணீர் என்று எண்ணுவது மட்டும்தான் தவறு. பிரமை அப்படி அல்ல. அது ஒருவருக்கு மட்டும் தெரிவது. கேமராவில் விழாது, பக்கத்தில் நிற்பவருக்குப் புலப்படாது.

தவறென்று தெரிந்த பிறகும் போகாத தோற்றமும் உண்டு. 1889இல் முல்லர்-லையர் என்ற ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட ஒரு படம் இதற்குப் பேர்போனது. சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலைகள் வெளிநோக்கிக் குத்துகின்றன, மற்றதன் முனைகளில் அவை திருப்பிப் போடப்பட்டிருக்கின்றன. இரண்டாவது கோடு நீளமாகத் தெரியும். அளவுகோல் வைத்து அளந்து சமம் என்று தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள், அப்போதும் நீளமாகத்தான் தெரியும். இதற்குப் பொய்த்தோற்றம் அல்லது தோற்றப்பிழை என்ற சொற்களே பொருத்தம். மாயை என்று போட்டால் தத்துவம் உள்ளே நுழைந்துவிடும். காணும் உலகத்தையே கேள்வி கேட்கும் சொல் அது, இரண்டு கோடுகளுக்காக அதைக் கூப்பிட வேண்டாம்.

எப்படி முடிகிறது என்று பாருங்கள்

இன்னும் சந்தேகம் இருந்தால் ஓர் எளிய வழி சொல்கிறேன். அந்தப் பொய் எப்படி முடிவுக்கு வருகிறது என்று யோசியுங்கள். வேஷம் கலைகிறது. சாயம் வெளுக்கிறது. முகத்திரை கிழிகிறது. குட்டு உடைகிறது. ஜம்பம் பலிக்காமல் போகிறது. மாயை விலகுகிறது, மயக்கம் தெளிகிறது. இவற்றை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், 'வேஷம் தெளிந்தது', 'பிரமை கிழிந்தது' என்று, காது உடனே மறுத்துவிடும். சாயம் வெளுக்க ஆள் தேவையில்லை, நாள் போகப் போகத் தானாகவே வெளுக்கும். முகத்திரையைக் கிழிக்க வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். மயக்கம் தெளிவது பார்த்தவருக்குள்ளேயே நடக்கிறது. நீங்கள் சொல்லவரும் நிகழ்ச்சியில் உண்மை வெளிவந்தது எப்படி என்று பார்த்தால், அந்த வினைச்சொல்லே சரியான பெயர்ச்சொல்லையும் கூட்டிக்கொண்டு வரும்.

மூன்று வகையும் ஒரே இடத்தில் கலந்துகிடப்பதுபோல் தோன்றும் நிகழ்ச்சி ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். இப்போது கணினி கொண்டு ஒருவரின் குரலை அப்படியே உருவாக்க முடிகிறது. மகனின் குரலில் அழைப்பு வருகிறது, அவசரமாகப் பணம் வேண்டும் என்கிறது, தாய் அனுப்பிவிடுகிறார். இதை எழுதும்போது குரலுக்குப் போலி என்ற சொல் சரி. அதைப் பின்னால் இருந்து இயக்கியவர் செய்தது பாசாங்கு அல்ல, வஞ்சகம். தாய்க்கு வந்தது பிரமையும் அல்ல, திரிபும் அல்ல. அவர் காதில் பிழை இல்லை. வந்த குரல் அப்படியே மகனுடையது போலத்தான் இருந்தது. அப்புறம் கடைசி வினைச்சொல். 'தாய் ஏமாந்தார்' என்று எழுதினால் கவனக்குறைவு அவருடையது என்ற சாயல் வந்துவிடுகிறது. 'தாய் ஏமாற்றப்பட்டார்' என்றால் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது வாக்கியத்திலேயே நிற்கும். செயப்பாட்டு வினையைக் கூடியமட்டும் தவிர்க்கச் சொல்லித்தான் எழுதப் பழகுகிறவர்களுக்குக் கற்றுத்தருகிறோம். இந்த இடத்தில் அதைத் தயங்காமல் போடுங்கள்.